சராசரியில் மறையும் தாமதம்

கணினியின் வேகம் என்று நாம் குறிப்பிடுவது பெரும்பாலும் சராசரி வேகத்தையே. ஒரு மணி நேரத்தில் எத்தனை கோப்புகளைக் கையாண்டது, ஒரு விநாடியில் எத்தனை கோரிக்கைகளுக்கு விடையளித்தது என்பனவே விளம்பரங்களில் இடம்பெறும் அளவைகள். பொருளியல் வகுப்பறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கற்பித்த எனக்குச் சராசரியின் மீது பகை ஏதும் இல்லை. ஆனால், சராசரி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயன்படாத வேலைகள் சில உண்டு. கணினியில் இசையைப் பதிவு செய்வது அவற்றுள் ஒன்று. ஒரு மணி நேரப் பதிவில் ஒரே ஒரு முறை, ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் கணினி தாமதித்தாலும் போதும்; 'டப்' என்றொரு வெடிப்பொலி பதிவில் விழுந்துவிடும். மற்ற எல்லாக் கணங்களிலும் அது காட்டிய சுறுசுறுப்பு அந்த ஒரு வெடிப்பை அழித்துவிடாது.

லினக்ஸ் இயங்குதளத்தில் இச்சிக்கல் எவ்வாறு எழுகிறது, அதை எவ்வாறு தீர்க்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது இசைக் கலைஞர்களுக்கு மட்டுமன்றிப் பொதுப்பணத்தில் கணினியும் இணையமும் வாங்குவோருக்கும் பயன்தரும் என்பது என் கருத்து.

என் மனைவி வாய்ப்பாட்டு ஆசிரியை. வெளியூர் மாணவியருக்குப் பாடங்களைப் பதிவு செய்து அனுப்புவது அவரது வழக்கம். தம்புராச் சுருதியையும் முன்னரே பதிவான வயலின் பகுதியையும் ஹெட்போனில் கேட்டபடி அவர் பாட வேண்டும். பாடும் குரலும் அதே ஹெட்போனில் உடனுக்குடன் ஒலிக்க வேண்டும். வீட்டில் இருந்தது 2013இல் வாங்கிய மடிக்கணினி. அதில் பாடிப் பார்த்துவிட்டு, "யாரோ பின்னால் உட்கார்ந்து என்னைப் போலவே பாடிக் காட்டுவது போல இருக்கிறது" என்றார். வியப்பில்லை. ஒருவரின் பேச்சொலியை ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி தாமதித்து அவர் காதிலேயே ஒலிக்கச் செய்தால், சரளமாகப் பேசுபவரும் திக்கத் தொடங்குவார் என்பது 1950களிலேயே ஆய்வுகளில் பதிவான உண்மை. தாளத்தோடு பாடுபவருக்கு அதைவிட மிகக் குறைந்த தாமதமே இடறுவதற்குப் போதுமானது.

பழுதுபார்க்கும் கடையில் கேட்டபோது, "சார், இது பழைய மாடல், இதுக்கு மேல இழுக்காது, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்ட பிறகு இந்த அறிவுரையைக் கேளாத வீடு குறைவு. பணம் உள்ளவர் ஒரு புதிய மேக் கணினி வாங்கினால் இங்கே நான் எழுதப்போகும் எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒலித் தாமதத்தை ஆப்பிள் நிறுவனம் தொடக்கத்திலிருந்தே கருத்தில் கொண்டு வடிவமைத்திருக்கிறது. நான் பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவினேன்.

தாமதமே இல்லாத இசை என்று ஒன்று கிடையாது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அதாவது, ஒரு மீட்டரைக் கடக்க மூன்று மில்லி விநாடி. மேடையில் பாடகருக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் இடையே இரண்டு மீட்டர் இருந்தால், ஒருவரது ஒலி மற்றவரை அடைய ஆறு மில்லி விநாடி ஆகிறது. காலங்காலமாக அந்தத் தாமதத்துடன்தான் அவர்கள் கணக்குத் தவறாமல் வாசித்து வருகிறார்கள். ஆகவே, கணினியிடம் நாம் கேட்பதும் அந்த ஆறு, எட்டு மில்லி விநாடிதான்.

கணினி ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவ்வெண்களை ஒவ்வொன்றாகக் கையாளாமல், ஒரு தொகுப்பு சேர்ந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. அத்தொகுப்பு தங்கும் இடத்துக்கு இடையகம் என்று பெயர். வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைப் போன்றது அது. தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தொட்டி பெரிதாக இருந்தால் சமையலறைக் குழாய் வறளாது. ஆனால், குழாயில் வருவது நேற்றைய தண்ணீர். இடையகத்தின் அளவு 1,024 என்று வைத்தால் உள்ளே வரும் வழியில் 21 மில்லி விநாடி, வெளியே போகும் வழியில் இன்னொரு 21. இரண்டும் சேர்ந்து 42 மில்லி விநாடிக்கு மேல். மிருதங்கக் கலைஞரை மேடையிலிருந்து இறக்கி, பதினான்கு மீட்டருக்கு அப்பால், சபாவின் பன்னிரண்டாவது வரிசையில் அமர்த்தியதற்கு இது ஒப்பு. அளவை 128 என்று குறைத்தால் ஒவ்வொரு வழிக்கும் 2.7 மில்லி விநாடிதான். கருவியின் சொந்தத் தாமதம் சிறிது சேர்ந்தாலும் கலைஞர் மேடைக்குத் திரும்பிவிடுவார். (பதிவு முடிந்து, திருத்தும் வேலையில் இருக்கும்போது பெரிய தொட்டியே நல்லது, அப்போது யாரும் உடன் பாடுவதில்லை.)

அப்படியானால் தொட்டியைச் சிறிதாக்கிவிட வேண்டியதுதானே? அங்குதான் சிக்கல். தொட்டி சிறிதானால் அதை நிரப்புபவர் ஒவ்வொரு 2.7 மில்லி விநாடிக்கும் ஒரு முறை, தவறாமல், வந்து நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 13,50,000 முறை. ஒரு முறை தவறினாலும் வெடிப்பொலி. நூற்றுக்கு 99.99 முறை நேரத்துக்கு வரும் கணினி, அந்த மணி நேரத்தில் 135 முறை வெடிக்கும்.

கணினி ஏன் தவறுகிறது? அதன் வலிமை போதாமையால் அன்று. குரலைப் பதிவு செய்வதற்குத் தேவையான கணக்கு, பத்தாண்டுப் பழைய செயலிக்கும் மிகச் சிறிய வேலை. தவறுவதற்குக் காரணம், அது வேறு வேலையில் இருப்பது. கெர்னல் எனப்படும் லினக்ஸின் உட்கரு, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களுக்கும் செயலியின் நேரத்தை நியாயமாகப் பங்கிட்டுத் தருகிறது. உலாவி, புதுப்பிப்புகளைத் தேடும் நிரல், கோப்புகளை அட்டவணைப்படுத்தும் நிரல், இசைப்பதிவு நிரல் ஆகிய எல்லாம் அதன் பார்வையில் ஏறத்தாழ ஒரே தகுதி உடையவை. மொத்த வேலை அதிகம் நடக்க வேண்டும், யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதே அதன் கொள்கை. பொது நோக்கில் மிக நல்ல கொள்கை. ஆனால், குறித்த கணத்தில் வந்தே ஆக வேண்டியவருக்கு அது உதவாது.

எனவே முதல் வேலை, ஒலி நிரலுக்கு முன்னுரிமை கொடுப்பது. லினக்ஸில் நிகழ்நேர முன்னுரிமை என்றொரு வகுப்பு உண்டு. அவ்வகுப்பில் சேர்ந்த நிரல் எழுந்து நின்றால் சாதாரண நிரல்கள் அனைத்தும் வழிவிட வேண்டும். சாதாரணப் பயனருக்கு இவ்வுரிமை பொதுவாகத் தரப்படுவதில்லை. நிர்வாகி, ஒலிப் பயனர்களுக்கெனக் குழுவொன்றை அமைத்து, அதற்கு இவ்வுரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் எளிது. முன்னுரிமை பெற்ற நிரல் ஒன்று பழுதாகி முடிவில்லாமல் சுழன்றால் கணினியே உறைந்துவிடும். இதற்கு லினக்ஸ் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது: இயல்பான அமைப்பில், சாதாரண நிரல்கள் காத்துக்கிடக்கும் நிலையில், முன்னுரிமை வகுப்பு ஒவ்வொரு விநாடியிலும் 95 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது, எஞ்சிய 5 விழுக்காடு மற்றவர்களுக்கு. இட ஒதுக்கீடு பற்றி வாழ்நாள் முழுதும் விவாதித்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

அதே குழுவுக்கு, ஒலி நிரல் பயன்படுத்தும் நினைவகத்தைப் பூட்டி வைக்கும் உரிமையையும் தர வேண்டும். நினைவகம் போதாதபோது கெர்னல் சில பக்கங்களை வட்டுக்கு அனுப்பிவிடும். நமக்குத் தேவையான பக்கம் அங்கே போயிருந்தால், அது திரும்பி வருவதற்குள் பல தொட்டிகள் வறண்டிருக்கும்.

அடுத்தது மின்சாரம். இன்றைய செயலிகள் வேலையில்லாத கணங்களில் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கண்ணயர்கின்றன. மின்கலத்துக்கு நல்லது, ஆனால், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுவதற்கு நேரம் பிடிக்கிறது. பதிவு நடக்கும் பொழுது மட்டும் செயலியை முழு வேகத்தில் விழித்திருக்கச் செய்யும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விசிறி சற்று அதிகம் சுழலும்; ஒலிவாங்கியைக் கணினியிலிருந்து தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, குறுக்கீடுகள். விசைப்பலகை, வட்டு, வைஃபை ஆகிய ஒவ்வொரு சாதனமும் தனக்கு ஏதேனும் தேவைப்பட்டால் செயலியின் தோளைத் தட்டி அழைக்கும். அப்போது கெர்னல் கையிலுள்ளதை விட்டுவிட்டு அச்சாதனத்தைக் கவனிக்கும். மாவட்ட ஆட்சியரே வந்து நின்றாலும் கையிலுள்ள கோப்பை முடிக்காமல் நிமிராத எழுத்தரை நாம் அலுவலகங்களில் பார்த்திருக்கிறோம். பழைய கெர்னல் பல இடங்களில் அந்த எழுத்தரைப் போலவே நடந்துகொண்டது. குறுக்கீடுகளைக் கவனிக்கும் வேலையையும் வரிசையில் நிற்கும் சாதாரண வேலைபோல் ஆக்கி, அவற்றுக்கும் முன்னுரிமை எண் கொடுக்கும் வசதி இப்போது உண்டு. கணினி தொடங்கும்போது ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஒலிக்கருவிக்கு மேல்நிலை, மற்றவற்றுக்குக் கீழ்நிலை. பதிவின்போது வைஃபையை அணைத்து வைப்பது இவை எல்லாவற்றையும்விட எளிய மருந்து.

எந்தச் சீரமைப்பாலும் தீராதவையும் உண்டு. புளூடூத் ஹெட்போன் தானாகவே நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதிக்கக்கூடியது. கம்பியுள்ளதையே பயன்படுத்த வேண்டும். சில கணினிகளில் தாய்ப்பலகையின் உள்நிரல், இயங்குதளத்துக்குச் சொல்லாமலே செயலியைச் சிறிது நேரம் பிடுங்கிக்கொள்ளும். லினக்ஸுக்கு அது கண்ணிலேயே படாது. அத்தகைய கணினியை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கிவிடுவதுதான் வழி.

இவற்றைச் செய்த பின் பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது? சைக்ளிக்டெஸ்ட் என்றொரு சிறிய நிரல் இருக்கிறது. குறித்த இடைவெளியில் தன்னை எழுப்பும்படி கெர்னலிடம் சொல்லிவிட்டு, உண்மையில் எவ்வளவு பிந்தி எழுப்பப்பட்டது என்று குறித்துக்கொண்டே இருக்கும். குறைந்த அளவு, சராசரி, அதிக அளவு என்று மூன்று எண்களைக் காட்டும். எங்கள் மடிக்கணினியில் சீரமைப்புக்கு முன்பும் பின்பும் அதை இரவெல்லாம் ஓடவிட்டேன். கூடவே உலாவியையும் வட்டு நகலெடுப்பையும் இயக்கி வைத்தேன். சராசரி இரு முறையும் சில மைக்ரோ விநாடிகள்தான். சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதிக அளவு மட்டும் பல மில்லி விநாடிகளிலிருந்து ஒரு மில்லி விநாடிக்குக் கீழே இறங்கியிருந்தது. சராசரியை மட்டும் பார்த்த ஆய்வாளர் இரண்டும் ஒரே கணினி என்று அறிக்கை எழுதியிருப்பார். என் மனைவி மறுநாள் காலை பாடிப் பார்த்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விட்டார் என்றார்.

இந்தச் சீரமைப்பு இலவசமன்று. முன்னுரிமை கொடுப்பதற்கும் இடையில் நிறுத்துவதற்கும் கெர்னல் செலவிடும் நேரம், மொத்த வேலையில் சற்றே குறைகிறது. செயலி வேலையின்றி விழித்திருக்கிறது. கணக்குத் தணிக்கையாளர் கண்ணுக்கு அது வீண்செலவு. வரிசைக் கோட்பாடு இதற்கு வேறு விடை தருகிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலர் ஏ.கே.எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த துறை அது. ஒரே ஒரு பணியாளர், தற்செயலாக வரும் வேலைகள் என்ற எளிய அமைப்பில், பணியாளர் பாதி நேரம் ஈடுபட்டிருந்தால், வருபவர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு பணியின் நேரத்துக்குச் சமம். ஈடுபாடு 80 விழுக்காடானால் நான்கு மடங்கு. 90 ஆனால் ஒன்பது மடங்கு. 95 ஆனால் பத்தொன்பது மடங்கு. முழுத்திறனையும் பயன்படுத்துகிறோம் என்று பெருமைப்படும் அமைப்பு, அவசரத்தில் வருபவரை வாசலில் நிறுத்திவைக்கும் அமைப்பாகவே இருக்கும். அவசரச் சிகிச்சைப் பிரிவில் காலியாகக் கிடக்கும் இரண்டு படுக்கைகளும் இப்படித்தான்.

இத்தகைய சீரமைப்புக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வி எழாமல் ஒரு பொருளியல் ஆசிரியன் இருக்க முடியாது. லினக்ஸ் வளர்ச்சிக்கான பெரும்பணம் நெடுங்காலமாகப் பெரிய சர்வர்களை நடத்தும் நிறுவனங்களிடமிருந்தே வந்தது. அவர்களுக்கு வேண்டியது மொத்த வேலை. வீட்டுக் கணினி தடுமாறாமல் இருக்க வேண்டும் என்று வாதாடிய கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவர். ஓய்வு நேரத்தில் கெர்னலுக்கு நிரல் எழுதியவர். தம் குரல் எடுபடவில்லை என்று 2007இல் ஒதுங்கிக்கொண்டு, பின்னர் தனியாக ஒரு நேரப் பங்கீட்டு நிரலை வெளியிட்டார். ஒலி நிரல்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஜாக் என்ற அமைப்பையும் ஆர்டர் என்ற பதிவு நிரலையும் தொடங்கிய பால் டேவிஸ், அமேசானின் தொடக்ககால நிரலாளர்களுள் ஒருவர். அங்கே ஈட்டியதைக் கொண்டுதான் விலையற்ற நிரல்களுக்கு அவரால் ஆண்டுக்கணக்கில் நேரம் தர முடிந்தது. பொதுப்பண்டங்களைச் சந்தை போதிய அளவில் தராது என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்கு வகுப்பறையில் கிடைத்ததில்லை.

நிமிராத எழுத்தரை நிமிர வைக்கும் வேலை 2004இல் இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் முயற்சியில் ஒரு தனி இணைப்பாகத் தொடங்கியது. அதன் பெரும்பகுதி சிறிது சிறிதாக முதன்மைக் கெர்னலில் சேர்ந்தது. முழுமையாகச் சேர இருபதாண்டுகள் ஆயின. இடையில் பணப் பற்றாக்குறையால் முயற்சியே நின்றுவிடும் நிலை வந்தது. 2015இல் லினக்ஸ் அறக்கட்டளை, நிறுவனங்களின் நிதியுதவியுடன் இதைத் தனித் திட்டமாக ஏற்றுக்கொண்ட பிறகே வேலை சீரடைந்தது. நிதி தந்தோர் இசைக்காகத் தரவில்லை. தொழிற்சாலை எந்திரங்களுக்கும் ரோபோக்களுக்கும் உரிய கணத்தில் ஆணை போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்கள் தேவை. கடைசித் தடையாக நின்றது, கெர்னல் தன் செய்திகளைத் திரையில் எழுதும் மிகப் பழைய பகுதி. அதையும் திருத்திய பின், 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில், சேர்ப்பு வேண்டுகோளை அச்சிட்டு லினஸ் டோர்வால்ட்ஸின் கையிலேயே கொடுத்தார் கிளைக்ஸ்னர். அவ்வாண்டு நவம்பரில் வெளியான 6.12 பதிப்பிலிருந்து நிகழ்நேர வசதி முதன்மைக் கெர்னலின் பகுதி. எந்திரத் தொழிலுக்காகச் செய்த செலவின் பயனை, ஒரு ரூபாயும் தராமல், எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினி அனுபவிக்கிறது. இதற்குப் பொருளியலில் புறவிளைவு என்று பெயர்.

வீட்டுக்குள் ஒரு கணினியில் இது முடிந்தால், இரண்டு ஊர்களுக்கிடையே முடியுமா? ஒளியிழையில் சமிக்ஞை விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஒளியிழையின் நீளம் 500 கிலோமீட்டர் என்று கொண்டால், கடக்க ஆகும் நேரம் 2.5 மில்லி விநாடி. காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்கும் நேரத்தைவிடக் குறைவு. லண்டன் என்றால் 9,000 கிலோமீட்டருக்கு 45 மில்லி விநாடி ஆகும். சபாவின் பன்னிரண்டாவது வரிசையையும் தாண்டிவிடும். அங்குள்ளவருடன் சேர்ந்து பாட இயற்பியலே இடம் தராது. ஆனால், தமிழ்நாட்டின் எந்த இரு ஊர்களுக்கும் இயற்பியலால் தடையில்லை. இன்று இணையவழி வகுப்பில் குரு பாடி முடித்த பின் மாணவி பாடுகிறாரே தவிர, இருவரும் சேர்ந்து பாட முடிவதில்லை என்றால், அதற்குக் காரணம் இடையிலுள்ள தொட்டிகள்: காணொளிச் செயலியின் தொட்டி, வைஃபையின் தொட்டி, கணினியின் தொட்டி. அவற்றைக் குறைத்து, சுருக்கப்படாத ஒலியை நேரடியாக அனுப்பும் ஜாக்டிரிப் என்ற கட்டற்ற நிரலை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாஃபே, ஹுவான் பாப்லோ காசெரெஸ் ஆகியோர் உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. லினக்ஸில் இயங்கும்; கட்டணம் இல்லை.

சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அறை, கம்பிவழி இணைய இணைப்பு, ஒரு சிறிய ஒலியிடைமுகக் கருவி, ஒரு கணினி இருந்தால் திருவையாற்று வயலின் ஆசிரியரும் கோவை மாணவரும் சேர்ந்து வாசிக்கலாம். கணினி புதிதாக இருக்க வேண்டியதில்லை. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் நல்ல நிலையில் உள்ளவையே போதும்.

உண்மையான இடர் ஒப்பந்தப் புள்ளியில் இருக்கிறது. கல்லூரிகளுக்கு இணைப்பு வாங்கும்போது நாம் கேட்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற ஒரே எண். அது சராசரியின் மொழி. ஒலியை அனுப்ப அதில் மிகச் சிறு பகுதியே போதும்; அதே சமயம், எவ்வளவு பெரிய எண் வாங்கினாலும் இடையிடையே வரும் நாற்பது மில்லி விநாடித் தடங்கலை அது தடுக்காது. நிபந்தனைகளில் இரண்டு வரிகள் சேர்க்கப்பட வேண்டும்: கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே, ஒரு வாரம் இரவும் பகலும் அளந்ததில், மிக அதிகத் தாமதம் இத்தனை மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது, போனால் அந்த மாதக் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு பிடித்தம். விற்பவருக்கு இது புதிதன்று. பங்குச் சந்தை நிறுவனங்கள் இதைவிடக் கடுமையான நிபந்தனைகளைக் கேட்டு வாங்குகின்றன.

ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன், இப்போதுள்ள இணைப்பையே நான்கு கல்லூரிகளுக்கிடையே ஒரு வாரம் அளந்து பார்த்துவிடலாம். அதற்கான நிரல் எல்லா லினக்ஸ் கணினியிலும் முன்பே இருக்கிறது. செலவு, ஆர்வமுள்ள மாணவர் ஒருவரின் சில மணி நேரம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)